ஸ்கூட்டர் வண்டியின் கியர் எண்ணெய்

கண்டி மாநகரம் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணத்தின் அடியிற் கிடப்பது போன்று அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரை விட்டு எத்திசையிற் புறப்பட்டாலும் ஏற்றமோ இறக்கமோ எதிர்ப்படாமற் போவதில்லை. மேற்கே கடுகண்ணாவைக் கணவாய். தெற்கே ஹந்தானை மலைச்சரிவு. கிழக்கே ஹுன்னஸ்கிரியவைக் கடந்து மகியங்கனைச் சமவெளிக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதை. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவதோ 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட ஏற்றம். இத்தகைய நிலத்தில் வாழ்வோருக்கு வண்டி என்பது வெறும் வசதிப் பொருளன்று. அது நாள்தோறும் மலையோடு மல்லுக்கட்டும் துணையாகும்.

அத்துணைகளுள் இன்று மிகுதியாகக் காணப்படுவது ஸ்கூட்டர் வண்டியே. பேராதனை வைத்தியசாலைக்கு இரவுக் கடமைக்குச் செல்லும் தாதியும், கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்கு விடியற்காலையிற் புறப்படும் ஆசிரியையும், கட்டுகஸ்தோட்டையிலிருந்து நகரத்துக் கடைக்கு வரும் சிப்பந்தியும் அதனையே நம்பியிருக்கின்றனர். கியர் மாற்றும் தொல்லை இல்லை. சேலையுடனும் ஏறி அமரலாம். கால்வைக்கும் இடத்தில் மரக்கறிப் பையை வைத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் உண்மையே. ஆயினும், எளிதாக ஓட்டக்கூடிய வண்டி எளிதாக மறக்கப்படும் வண்டியுமாகி விடுகிறது. பெற்றோல் குறைந்தால் முள் காட்டுகிறது. சில்லிற் காற்றுக் குறைந்தால் உடல் உணர்கிறது. எஞ்சின் எண்ணெயைச் சேர்விஸ் நிலையத்தார் நினைவூட்டுகின்றனர். ஆனால் பின்சில்லின் அருகே, ஒரு சிறு அலுமினியக் கூட்டுக்குள், ஒரு தேநீர்க் கோப்பையளவுகூட இல்லாத எண்ணெய் ஒன்று ஆண்டுக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதை வண்டிக்காரருட் பலர் அறியார். கராஜ்காரர் கியர் ஒயில் என்று சொல்வது இதனையே. இதன் அளவைச் சரியாகப் பேணுதல் ஏன் இன்றியமையாதது என்பதும், அதனை எங்ஙனம் பேணலாம் என்பதும் விளங்கிக்கொள்ளத்தக்கவை.

இரும்பும் இரும்பும் உரசுமிடத்தில் எண்ணெய் இடவேண்டும் என்பது புதிய செய்தியன்று. கொழும்பு – கண்டி வீதி 1820ஆம் ஆண்டுகளில் கப்டன் டோசனின் மேற்பார்வையில் வெட்டப்பட்ட பின்னர், கடுகண்ணாவை ஏற்றத்தில் மாட்டு வண்டிகள் கோப்பி மூடைகளைச் சுமந்து நெடுங்காலம் ஊர்ந்தன. அக்கால வண்டிக்காரர் வைக்கோற் கரியை எண்ணெயிற் குழைத்து அச்சுக்கு இடாமல் வண்டியைப் பூட்டியதில்லை. அச்சு கிறீச்சிட்டால் மாட்டுக்கு நோகும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஓசையே அவருக்கு எச்சரிக்கை. இன்றைய ஸ்கூட்டரில் அத்தகைய எச்சரிக்கை எளிதிற் கேட்பதில்லை. உறுப்புக்கள் யாவும் மூடிய கூட்டுக்குள் இருத்தலே அதற்குக் காரணமாகும்.

அவ்வாறு மூடிவைத்தமைக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரிற் சிதைந்துபோன இத்தாலி நாட்டில், விமானம் செய்துவந்த பியாஜியோ நிறுவனம், ஏழை மக்களும் வாங்கத்தக்க ஒரு வண்டியைச் செய்ய முற்பட்டது. அதனை வரைந்தவர் கொறாடினோ தஸ்கானியோ என்னும் விமானப் பொறியியலாளர். அவருக்கு மோட்டார் சைக்கிளின் மீது விருப்பமில்லை. அதன் சங்கிலி ஆடையை அழுக்காக்குவதும், அதன் சில்லைக் கழற்றுவதிலுள்ள தொல்லையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, அவர் சங்கிலியை அறவே நீக்கி, எஞ்சினையும் பற்சில்லுகளையும் பின்சில்லையும் ஒரே தொகுதியாக இணைத்து, அனைத்தையும் மூடிவைத்தார். 1946ஆம் ஆண்டில் வெஸ்பா என்னும் பெயருடன் அவ்வண்டி வெளிவந்தது. அடுத்த ஆண்டில் மிலான் நகரத்து இன்னொசென்ரி நிறுவனத்தின் லம்பிரெற்றா வந்தது. பின்னர் இவ்விரு வகைகளும் இந்தியாவிலும் செய்யப்பட்டன. பஜாஜ் நிறுவனத்தின் வண்டிகள் இந்திய உபகண்டத்துத் தெருக்களை நிறைத்தன. ஆடை அழுக்காகாமல் காத்த அந்த மூடிய கூடே, உள்ளே நடப்பதைக் கண்ணிலிருந்து மறைத்தும் விட்டது. நன்மையும் தீமையும் ஒரே வாயிலால் நுழைந்தன எனலாம்.

இனி, எண்ணெய் செய்யும் வேலை யாது என்பதை நோக்குவோம். நன்றாக மெருகிட்ட பற்சில்லும் நுண்ணோக்காடியின் கீழ் மேடும் பள்ளமுமாகவே தோன்றும். இரு பற்கள் ஒன்றையொன்று அழுத்தித் தள்ளும்போது இம்மேடுகள் மோதி உடைந்து தூளாகும். உராய்வினால் வெப்பம் பிறக்கும். இடையில் எண்ணெய் இருப்பின், அது மயிரிழையினும் மெல்லிய ஒரு படலமாகி, இரு பரப்புக்களும் தொடாதவாறு தாங்கி நிற்கும். 1880ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் போஷாம் ரவர் என்பவர் புகைவண்டி அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தபோது, சுழலும் அச்சு தானே எண்ணெயை உள்ளிழுத்துப் பேரழுத்தத்துடன் ஒரு படலமாக்கிக்கொள்கிறது என்பதைக் கண்டார். அதற்கான கணித விளக்கத்தை 1886இல் ஒஸ்போண் ரெனோல்ட்ஸ் வெளியிட்டார். எண்ணெய் என்பது வெறும் வழுவழுப்பு மட்டுமன்று, சுமையைத் தாங்கும் தூண் என்பதே அவ்விருவரின் ஆராய்ச்சியாற் பெறப்படும் உண்மை. இதனோடு, வெப்பத்தைக் கூட்டின் சுவருக்குக் கடத்துதல், தேய்ந்த தூளை அடியிற் படியச் செய்தல், துருவைத் தடுத்தல் ஆகிய வேலைகளையும் எண்ணெய் செய்கின்றது.

தற்கால ஸ்கூட்டரில் கியரே இல்லையே, பின்னர் கியர் எண்ணெய் எதற்கு என்று சிலர் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. கையால் மாற்றும் கியர் இல்லை என்பதே உண்மை. பற்சில்லு இல்லை என்பது உண்மையன்று. இவ்வண்டிகளில் எஞ்சினின் சுழற்சியை ஒரு பெல்ட் பின்புறத்துக்குக் கொண்டு செல்கின்றது. அப்பெல்ட் ஓடும் கப்பிகள் வேகத்துக்கேற்பத் தாமே விரிந்தும் ஒடுங்கியும் விகிதத்தை மாற்றிக்கொள்கின்றன. 1958ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டு டாவ் மோட்டார் காரில் வந்த பெல்ட் முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. பெல்ட் கொண்டுவரும் சுழற்சி இன்னும் வேகமாகவே இருக்கும். அதனைக் குறைத்து, வலுவாக்கிச் சில்லுக்குக் கொடுப்பவை பின்சில்லின் அருகேயுள்ள சில பற்சில்லுகளே. இதன் தேவையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். பத்து அங்குல விளிம்புடைய ஸ்கூட்டர்ச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 1.36 மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 490 முறை சுழலும். எஞ்சினோ அதே நேரத்தில் பல ஆயிரம் முறை சுழல்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் பெரும் பங்கை அந்தச் சிறு பெட்டியே சுமக்கின்றது. ஹந்தானை ஏற்றத்தில் இருவர் அமர்ந்து செல்லும்போது எஞ்சினின் வலு முழுவதும் அப்பற்களின் ஊடாகவே செல்லவேண்டியிருக்கிறது.

அப்பெட்டியில் பம்பி இல்லை. எஞ்சினில் எண்ணெயைப் பம்பி சுற்றுக்கு அனுப்பும். இங்கோ கீழேயுள்ள பற்சில்லு எண்ணெயில் தோய்ந்து சுழன்று, அதனை மேலே வாரி இறைக்கின்றது. துலாவால் நீர் இறைப்பது போன்றதே இது. வாளி நீரைத் தொடாவிட்டால் வெறுமையாகவே மேலெழும். எண்ணெய் மட்டம் தாழ்ந்து பற்சில்லு தொடாத நிலை வந்தால் மேலேயுள்ள தாங்கிகளுக்கு ஒரு துளியும் கிட்டாது. மட்டம் என்பதன் முக்கியத்துவம் இதனால் விளங்கும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இவ்வெண்ணெயின் அளவு 100 முதல் 200 மில்லிலீற்றர் வரையிலேயே உள்ளது. 120 மில்லிலீற்றர் கொள்ளும் பெட்டியில் நாளொன்றுக்கு அரை மில்லிலீற்றர் கசிவதாகக் கொண்டால், அறுபது நாட்களில் 30 மில்லிலீற்றர், அஃதாவது காற்பங்கு, போய்விடும். எஞ்சினில் அதே 30 மில்லிலீற்றர் குறைவது பெரிய குறையன்று. சிறிய பாத்திரத்திற் சிறிய இழப்பும் பெரிய இழப்பே.

எண்ணெய் குறைந்த பெட்டி முதலில் ஓசையால் முறையிடும். வண்டி ஓடும்போது பின்புறத்திலிருந்து மெல்லிய ஊளைபோன்ற ஒலி எழும். வேகம் கூடக்கூட அவ்வொலியின் சுருதியும் கூடும். பின்னர், அது கரகரப்பாக மாறும். இதற்குள் தாங்கிகளின் குண்டுகள் தேயத் தொடங்கியிருக்கும். தாங்கி தளர்ந்தால் தண்டு ஆடும். தண்டு ஆடினால் அதனைச் சுற்றியுள்ள ஒயில் சீல் என்னும் காப்பு வளையம் கிழியும். வளையம் கிழிந்தால் எஞ்சிய எண்ணெயும் வெளியேறும். ஒரு குறை மறுகுறையை அழைத்து வருகிறது. ஈற்றில் பற்கள் உடைந்து சில்லு இறுகிப்போகவும் கூடும். ஓடும் வண்டியின் பின்சில்லு திடீரென இறுகுவது எத்தகைய ஆபத்து என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எண்ணெய் குறைவதுதானே தீது, எதற்கும் இருக்கட்டும் என்று சற்று மிகுதியாக ஊற்றினாலென்ன என்று நினைப்பாரும் உளர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இங்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். மட்டத்துக்கு மேல் எண்ணெய் இருப்பின் பற்சில்லுகள் அதனைக் கடையத் தொடங்கும். மோர் கடைவது போன்று நுரை எழும். நுரை சுமை தாங்காது. கடைவதில் எஞ்சினின் வலு வீணாகும். எண்ணெய் வெப்பமுற்று விரியும். விரிந்த எண்ணெயும் காற்றும் வெளியேற வழி தேடும். காற்றுப் போக்கும் சிறு துவாரத்தின் வழியாகவோ, காப்பு வளையத்தைத் தள்ளிக்கொண்டோ எண்ணெய் வெளியே வரும். அவ்வாறு வெளிவரும் எண்ணெய் எங்கே செல்கிறது என்பதே கண்டிப் பகுதி மக்கள் மிகக் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பின்சில்லின் பிரேக் பறையும் கியர்ப் பெட்டியும் ஒட்டியே உள்ளன. பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் மீதே சில்லும் பறையும் பொருத்தப்பட்டுள்ளன. ஆதலின், அத்தண்டைச் சுற்றிய காப்பு வளையம் கசிந்தால் எண்ணெய் நேரே பறைக்குள் இறங்கி, பிரேக் கட்டைகளின் மேற்பரப்பில் ஊறிவிடும். உராய்வைப் போக்குவது எண்ணெயின் தொழில்; உராய்வையே நம்பி வாழ்வது பிரேக்கின் தொழில். இவ்விரண்டும் சேரலாகாத இடத்திற் சேர்ந்தால் விளைவு கேடே. சமதரையில், சந்தடி மிக்க தெருவில், பிரேக் சற்று மந்தமாக இருக்கிறது என்பதற்கு மேல் அது தோன்றாமற் போகலாம். மலை இறக்கத்திலோ அவ்வாறன்று.

வண்டி, ஓட்டுபவர், பின்னால் அமர்ந்திருப்பவர் ஆகியோரின் மொத்த நிறை 240 கிலோகிராம் என்று கொள்வோம். பதினெட்டு வளைவுப் பாதை போன்றதோர் இறக்கத்தில் அவர்கள் 400 மீற்றர் உயரம் இறங்குவராயின், அதனால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 940 கிலோயூல் ஆகும். இஃது அறை வெப்பநிலையிலுள்ள ஏறக்குறைய மூன்று லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் எதிர்ப்பு இதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியது பெரும்பாலும் பிரேக்கின் தலையிலேயே விழும். கியர் மாற்றும் மோட்டார் சைக்கிளாயின் தாழ்ந்த கியரிற் போட்டு எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கலாம். தானியங்கி ஸ்கூட்டரில் அவ்வுதவி குறைவு. வேகம் மிகத் தணிந்தால் அதன் கிளச் தானே விடுபட்டு, எஞ்சினுக்கும் சில்லுக்கும் இடையே தொடர்பே இல்லாமற் போகும். அந்நிலையில் இரு பிரேக்குகளே கதி. அவற்றுள் ஒன்று எண்ணெயில் ஊறிக் கிடந்தால் முழுச் சுமையும் முன்பிரேக்கிற்கே சேரும். மழையால் நனைந்த வளைவில் முன்பிரேக்கை மட்டும் இறுகப் பிடிப்பவர் வழுக்கி விழுவது எளிது. எனவே, கியர் எண்ணெயின் மட்டம் இயந்திரத்தின் ஆயுளைப் பற்றிய செய்தி மட்டுமன்று. பின்னால் அமர்ந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் உயிரைப் பற்றிய செய்தியுமாகும்.

இம்மட்டத்தைச் சோதிக்கும் முறை கடினமானதன்று. முதலாவதாக, வண்டியைச் சமதரையில், மெயின் ஸ்டாண்ட் எனப்படும் நடுத்தாங்கியில் நிமிர்ந்து நிற்கச் செய்தல் வேண்டும். கண்டியிற் சமதரை கிடைப்பதே அரிது என்பது வேடிக்கைப் பேச்சன்று. சரிவான முற்றத்தில் நிற்கும் வண்டியின் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிப் பொய் மட்டம் காட்டும். பக்கத் தாங்கியிற் சாய்ந்து நிற்கும் வண்டியும் அவ்வாறே. இரண்டாவதாக, ஓடி வந்த வண்டியாயின் சிறிது நேரம் ஆறவிட்டு, இறைக்கப்பட்ட எண்ணெய் கீழே வடிந்து சேரப் பொறுத்திருத்தல் வேண்டும். மூன்றாவதாக, ஊற்றும் துவாரத்தின் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் புழுதியையும் துணியால் நன்றாகத் துடைத்த பின்னரே அதனைக் கழற்றவேண்டும். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால், அது பற்களுக்கிடையில் அரைகல்லாக மாறும்.

அளவு காட்டும் கோல் எஞ்சின் எண்ணெய்க்கு உண்டு. கியர்ப் பெட்டிக்குப் பெரும்பாலும் இல்லை. பல வண்டிகளில் அப்போல்ட்டின் துவாரமே அளவுகோலாக அமைந்துள்ளது. துவாரத்தின் கீழ் விளிம்பை எண்ணெய் தொட்டு நின்றாற் சரி. விரல் நுனிக்கு எட்டாவிட்டாற் குறைவு. திறந்தவுடன் வழிந்தால் மிகுதி. வேறு சில வண்டிகளில் துவாரம் மட்டத்துக்கு மேலே இருக்கும். அவற்றிற் பழைய எண்ணெயை முற்றாக வடித்துவிட்டு, கையேட்டிற் குறித்த அளவை அளந்து ஊற்றுவதே முறை. தம் வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் கையேட்டைப் பார்த்து அறிதல் வேண்டும். அளப்பதற்கு மருந்துக் கடையில் விற்கும் பெரிய ஊசிக்குழாய் ஒன்றே போதும். குறுகிய துவாரத்தில் எண்ணெயைச் சிந்தாமற் செலுத்தவும் அது உதவும்.

எண்ணெயை மாற்றும்போது, வண்டியைச் சில நிமிடங்கள் ஓட்டி இளஞ்சூடாக்கிய பின் அடிப்போல்ட்டைக் கழற்றினால் கசடும் சேர்ந்து வடியும். எஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்ட் வேறு, கியர் எண்ணெய் வடிக்கும் போல்ட் வேறு என்பதை முன்னரே தெளிந்துகொள்ளல் வேண்டும். ஒன்றை மற்றொன்றென மயங்கி, எஞ்சினை வற்றச்செய்து கியர்ப் பெட்டியை நிரப்பியவர் இல்லாமல் இல்லை. போல்ட்டின் அடியிலுள்ள வொஷர் நசுங்கியிருப்பின் புதியது இடவேண்டும். மீண்டும் பூட்டும்போது வலிமையைக் காட்டுதல் தகாது. கூடு அலுமினியத்தாலானது, மிகையாக முறுக்கினால் அதன் மரை உரிந்துவிடும். சில ரூபாய் வொஷரை மிச்சம் பிடிக்கப்போய்க் கூட்டையே மாற்ற நேரும்.

வடிந்த எண்ணெய் ஒரு கடிதம் போன்றது. படிக்கத் தெரிந்தவருக்கு உள்ளே நடந்ததைச் சொல்லும். சற்றுக் கறுத்திருத்தல் இயல்பே. விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்க்கையில் நுண்ணிய சாம்பல் நிறத் தூள் தோன்றினால், அது வழக்கமான தேய்வு. புதிய வண்டியின் முதல் எண்ணெயில் அத்தூள் மிகுந்திருக்கும். அதனாற்றான் முதல் மாற்றத்தைக் கையேடுகள் விரைவில் வைக்கின்றன. பளபளக்கும் செதில்களோ உடைந்த துண்டுகளோ காணப்பட்டால், பல்லோ தாங்கியோ பழுதுற்றது என்பது பொருள்; புதிய எண்ணெயை ஊற்றி மூடிவிடுதல் நோயை மறைத்தலேயன்றித் தீர்த்தல் ஆகாது. பால் கலந்த தேநீரின் நிறம் இருப்பின் நீர் புகுந்துள்ளது.

இந்தக் கடைசிச் செய்தி மலைநாட்டாருக்குத் தொலைவானதன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, கண்டி மாவட்டம் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் பேரிழப்பை அடைந்தது. மகாவலி கரைபுரண்டு கம்பளை, பேராதனைப் பகுதிகளின் தாழ்ந்த இடங்களை மூழ்கடித்தது. மாண்டுபோன மனிதருக்கு முன்னால் வண்டிகளின் கதை சிறிதே. எனினும், உழைப்பிற்கு வண்டியையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு அதுவும் ஓர் இழப்பாயிற்று. நீரில் மூழ்கி எழுந்த ஸ்கூட்டரை, எஞ்சின் இயங்குகின்றதே என்ற மகிழ்ச்சியில் உடனே ஓட்டுதல் பெரும் பிழையாகும். கியர்ப் பெட்டியின் காற்றுத் துவாரம் நீரையும் உள்ளே விடும். எண்ணெயினும் கனமான நீர் அடியிற் சென்று தங்கும். பற்கள் அதனைக் கடைந்து பால் நிறமாக்கும். தாங்கிகளின் குண்டுகளில் துருப் படியும். எனவே, எஞ்சின் எண்ணெயோடு கியர் எண்ணெயையும் வடித்து, புதியது ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, மீண்டும் ஒருமுறை வடித்துப் புதிதாக ஊற்றுதல் வேண்டும். அரைச் சில்லளவு நீரில் ஓட்டிக் கடந்த வண்டிக்கும் ஒரு சோதனை தேவை.

எந்த எண்ணெயை ஊற்றுவது என்பதிலும் மயக்கம் உண்டு. கையேடு கூறுவதே முடிந்த முடிபு. சில தானியங்கி ஸ்கூட்டர்களுக்கு எஞ்சின் எண்ணெயை ஒத்த மெல்லிய எண்ணெய் விதிக்கப்படுகிறது. சிலவற்றுக்குத் தனிக் கியர் எண்ணெய். போத்தலிற் காணப்படும் எண்கள் மயக்கந் தருவன. கியர் எண்ணெயின் 90 என்னும் எண், எஞ்சின் எண்ணெயின் 30 என்பதினும் மூன்று மடங்கு தடிப்பு என்று கருதலாகாது. இவ்விரண்டும் வெவ்வேறு அளவைகள். 90 எண் கியர் எண்ணெயின் தடிப்பு, எஞ்சின் எண்ணெயின் அளவையில் 40, 50 என்னும் எண்களுக்கு நெருங்கியதே. ஆயினும், விதித்ததினும் தடித்த எண்ணெயை ஊற்றினால், நுவரெலியாவின் குளிர்ந்த விடியலில் அது மெல்லவே நகரும். பற்கள் முதற் சில நிமிடங்கள் வறண்டு சுழலும்.

பழைய வெஸ்பா, பஜாஜ் வண்டிகளை அன்புடன் பேணி வருவோருக்குத் தனியே சில சொற்கள் கூறவேண்டும். அவற்றின் கியர்ப் பெட்டி பெரியது. பெரிய வெஸ்பா வகைகளில் 250 மில்லிலீற்றர் எண்ணெய் கொள்ளும். 30 எண் எண்ணெய் விதிக்கப்பட்டுள்ளது. லம்பிரெற்றாவின் பெட்டி அதனினும் பெரிது. ஏறத்தாழ 700 மில்லிலீற்றர், 90 எண். இவ்வண்டிகளில் கிளச்சுத் தட்டுகளும் அதே எண்ணெயிலேயே தோய்ந்திருக்கின்றன. ஆதலால், தகாத எண்ணெய் ஊற்றினால் தட்டுகள் வழுக்கும், அல்லது ஒட்டிக்கொள்ளும். மேலும், கீழே ஒரு துளியும் சிந்தாமல் எண்ணெய் குறைந்து வருவதுடன் புகைக்குழாயில் வெண்புகை மிகுந்தால், எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையிலுள்ள காப்பு வளையம் பழுதுற்று, எண்ணெய் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரிகிறது என்று அறியலாம். எண்ணெய் கூடியிருப்பது போலத் தோன்றிப் பெற்றோல் மணம் வீசினால், கலவை இந்தப் பக்கம் புகுந்துள்ளது. குறைவது மட்டுமன்றிக் கூடுவதும் நோயின் அறிகுறியே.

எத்தனை நாளைக்கொருமுறை இவற்றைச் செய்வது? நாளொன்றுக்குப் போகவர 50 கிலோமீற்றர் ஓடும் ஆசிரியை, 200 பாடசாலை நாட்களில் 10,000 கிலோமீற்றர் ஓடிவிடுகிறார். மலைப்பாதையில் ஓடிய தூரம் சமவெளியில் ஓடியதினும் கடுமையானது. ஆகவே, கையேட்டில் தூரமும் காலமும் குறிக்கப்பட்டிருப்பின் எது முந்துகிறதோ அதனையே கொள்ளவேண்டும். கையேடு கைக்கு எட்டாதவர் ஆண்டுக்கொருமுறை மாற்றுவது பாதுகாப்பானது. மாதமொருமுறை பின்சில்லின் உட்புறத்தையும் பெட்டியின் அடியையும் துடைத்துப் பார்த்தல் எல்லோர்க்கும் இயலும். ஈரமும் புழுதியும் சேர்ந்த கரிய பசை அங்கு தென்பட்டால், அன்றே கராஜுக்குச் செல்வதே அறிவுடைமை. அங்கும், வேலை முடிந்ததும், கியர் எண்ணெய் மாற்றப்பட்டதா, எத்தனை மில்லிலீற்றர் ஊற்றப்பட்டது என்று கேட்பது குற்றமன்று. அது வண்டிக்காரரின் உரிமை. பின்சில்லுக்குள் மோட்டார் அமைந்த மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் இவ்வெண்ணெயே இல்லை; பற்சில்லு வைத்த வகைகளுக்கு மட்டும் கையேட்டைப் பார்க்கவேண்டும்.

வடித்தெடுத்த பழைய எண்ணெயைப் பற்றியும் ஒரு கடமை உண்டு. முற்றத்துக் கானில் ஊற்றினால் அது மறைந்துவிடுவதில்லை. கண்டி நகரத்துக் கான்நீர் மெத எல ஓடை வழியாக மகாவலியைச் சேர்கின்றது. 1976இல் அமைந்த பொல்கொல்லை அணைக்கட்டினால் அந்நீரின் ஒரு பகுதி வடக்கே திருப்பப்பட்டு, உலர்வலயத்துக் குளங்களையும் வயல்களையும் அடைகின்றது. ஒரு கோப்பை எண்ணெய் பரந்த நீர்ப்பரப்பின் மேல் வானவிற் படலமாக விரியும் இயல்பினது. போத்தலில் அடைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் ஒப்படைப்பதே முறையாகும். கையிற் படிந்ததைச் சவர்க்காரமிட்டுக் கழுவவும் மறத்தலாகாது.

2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், இருக்கும் வண்டியைக் காப்பதைத் தவிர வேறு வழியில்லை என்னும் பாடத்தை நாடே கற்றது. பழைய ஸ்கூட்டரின் விலை புதியதன் விலையை மிஞ்சிய நாட்களும் இருந்தன. அப்பாடம் மறக்கத்தக்கதன்று. ஒரு வண்டியின் ஆயுளை நீட்டுவது பெரும் பழுதுபார்ப்புகள் அல்ல, சிறு கவனங்களே.

கோப்பி வண்டிக்காரர் கடுகண்ணாவை அடிவாரத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டு, அச்சுக்கு எண்ணெயிட்ட பின்னரே மலை ஏறினார். அவரிடம் கையேடு இல்லை. ஆனால் ஏறப்போகும் மலையும் இறங்கப்போகும் மலையும் அவர் மனத்தில் இருந்தன. நாளை விடியற்காலையில் தெல்தோட்டைப் பாதையில் ஏறவிருக்கும் ஆசிரியைக்கும் அம்மலைகளே காத்திருக்கின்றன. புறப்படுமுன் குனிந்து பின்சில்லின் அருகே ஒரு பார்வை பார்ப்பதற்கு அரை நிமிடமே செல்லும்.